அம்மா போனில் வீட்டுப்பாடம்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் புத்தகத்தைத் திறக்கிறான். நாளைக்கு என்ன தேர்வு என்பதைக்கூட என்னைத்தான் கேட்கிறான். பொறுப்பு வர என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பான் அம்மா? வகுப்பு வாட்ஸ்அப் குழு உங்கள் போனில்தானே இருக்கிறது! முதல் வேலையாக, அதைப் பார்த்துச் சொல்வதை நிறுத்துங்கள். வகுப்பிலேயே டைரியில் எழுதி வரட்டும். மறந்தால் நண்பன் வீட்டுக்கு ஓடட்டும். இரண்டு நாள் திட்டு வாங்குவான். வாங்கட்டும்.

31 வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தவன் நான். பாதிக் காலம் நானும் உங்களைப் போலத்தான். நோட்டு முழுக்கச் சிவப்பு மையால் திருத்துவேன். பையன்கள் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். ஒருநாள் கைவலி. நாற்பது நோட்டுகளிலும் ‘இந்தப் பக்கத்தில் இத்தனை தப்பு’ என்று எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வகுப்பில் ஒரே முணுமுணுப்பு. ஒரு பையன், இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கம் எடுக்கவேண்டிய இடத்தில் தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டியிருந்தான். பல தடவை நான் அடித்துக் கொடுத்த அதே தப்பு. அன்றைக்கு 3, 4 என்று போட்டுப் பார்த்தவன், “இப்படிப் போட்டா 25 வருது, அப்படிப் போட்டா 49 வருது சார்!” என்று எழுந்து நின்றான். அப்புறம் அந்தத் தப்பை அவன் நோட்டில் நான் பார்க்கவில்லை.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியதே, செயல்வழிக் கற்றல், அதில் ஒன்றாம் வகுப்புக் குழந்தையே, அடுத்தது எந்தப் பாடம் என்று காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்துத் தன் பாட அட்டையை எடுத்து வந்தது. (அட்டை தேடுவதிலேயே பாதி நேரம் போகிறது என்று புலம்பிய டீச்சர்களும் உண்டு.) உங்கள் பையனுக்கு வயது பதினான்கு.

மாலையில் நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். அவன் ஒரு பாடம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதட்டும். சிவப்புப் பேனாவை அவன் கையிலேயே கொடுங்கள். புத்தகத்தோடு ஒப்பிட்டு அவனே திருத்தட்டும். தாளை நீங்கள் வாங்கிப் பார்க்கக் கூடாது, கஷ்டம்தான்.

காலாண்டில் மார்க் குறையலாம். பத்தாம் வகுப்பில் குறைவதற்கு இப்போது குறைவது மேல்.

அதற்காக வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்துவிடாதீர்கள். மழை லீவு அதில்தான் வரும்.