டெஸ்க்டாப் முழுக்க ஐகான்: லாஞ்சர் போடுவதா, ஃபென்சஸ் வாங்குவதா?

விண்டோஸ் 11 லேப்டாப், டெஸ்க்டாப்பில் வால்பேப்பரே தெரியாத அளவுக்கு ஐகான், ஒவ்வொரு முறையும் வேண்டியதைத் தேடித் திறக்க வேண்டியிருக்கிறது, இதற்கு எந்த மென்பொருள் போடலாம், காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. நிரலைச் சட்டென்று திறப்பது ஒரு வேலை, அதற்கு லாஞ்சர். டெஸ்க்டாப்பில் குவிந்து கிடப்பதை ஒழுங்கு செய்வது இன்னொரு வேலை, அதற்கு ஃபென்சஸ் என்ற மென்பொருள். இரண்டையும் ஒன்றாகச் செய்து தருகிறேன் என்று வரும் மென்பொருள்கள் பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும்.

முதலில் உங்களைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். ஒரு கோப்பு வேண்டும் என்றால் அதன் பெயர் ஞாபகம் வருமா, அது இருக்கும் இடம் ஞாபகம் வருமா? எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், அவருடைய டெஸ்க்டாப்பைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும், ஆனால் "போன மாச சம்பளப் பட்டியல் எங்கக்கா?" என்று கேட்டால் "இடது பக்கம் ரெண்டாவது வரிசை, கீழே இருந்து மூணாவது" என்று திரையைப் பார்க்காமலே சொல்வார். கோப்பின் பெயரைக் கேட்டால் தெரியாது. அவருக்கு நல்ல லாஞ்சர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன், ஒரு நாள்கூட அதைத் திறக்கவில்லை. எனக்கு நேர் எதிர்: எங்கே வைத்தேன் என்பது சுத்தமாக மறந்துவிடும், பெயரில் நாலு எழுத்து மட்டும் நினைவில் இருக்கும். பெயர்க்காரர்களுக்கு லாஞ்சர், இடக்காரர்களுக்கு ஃபென்சஸ் மாதிரியான ஒன்று. இதைப் பார்க்காமல் எது சிறந்தது என்று பட்டியல் படித்துப் பிரயோஜனம் இல்லை.

நீங்கள் பெயர்க்காரர் என்றால், எதையும் நிறுவுவதற்கு முன் கையில் இருப்பதைப் பயன்படுத்திப் பாருங்கள். டாஸ்க்பாரில் பின் (pin) செய்து, அதாவது நிலையாக ஒட்டி வைத்த நிரல்களுக்கு விண்டோஸ் கீயோடு 1, 2, 3 என்று எண்ணை அழுத்தினால் அந்த வரிசையில் இருப்பது திறக்கும். விண்டோஸ் 7 (2009) வந்ததிலிருந்து பின் செய்த நிரல்களுக்கு இது இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. தினமும் தொடும் நிரல்களை எண்ணிப் பார்த்தால் பலருக்கு ஐந்தாறுக்கு மேல் வராது, அவற்றுக்கு இதுவே போதும். மற்றவற்றுக்கு விண்டோஸ் கீயைத் தட்டிப் பெயரை அடிக்கலாம்தான், ஆனால் அந்தத் தேடலில் இணைய முடிவுகளும் கலந்து வருவதால், அவசரத்தில் எண்டர் தட்டினால் சில நேரம் நிரலுக்குப் பதில் பிரவுசர் திறந்து நிற்கும். தனி லாஞ்சர் தேடிப் போகிறவர்கள் பலர் கிளம்புவது இந்த இடத்தில்தான்.

லாஞ்சர் என்றால் இவ்வளவுதான்: ஒரு கீயைத் தட்டினால் திரை நடுவில் ஒரு பெட்டி வரும், இரண்டு மூன்று எழுத்து அடித்து எண்டர் தட்டினால் நிரல் திறக்கும், பெட்டி போய்விடும். பழைய ஆட்களுக்கு லாஞ்சி ஞாபகம் இருக்கும், அருமையான மென்பொருள், 2010க்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை, இப்போது தேடிப் போக வேண்டாம். இன்றைக்கு விண்டோஸில் நான் சொல்வது இரண்டே இரண்டு. ஒன்று மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பு. அதற்குள் பவர்டாய்ஸ் ரன் என்ற லாஞ்சர் 2020இல் வந்தது, 2025இல் அதன் அடுத்த தலைமுறையாக கமாண்ட் பேலட்டும் சேர்ந்தது. இன்னொன்று ஃப்ளோ லாஞ்சர், இதுவும் இலவசம், ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரல்வரிகளை யாரும் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால் பவர்டாய்ஸ் ரன், ஃப்ளோ இரண்டுக்கும் வாக்ஸ் என்ற பழைய லாஞ்சரின் நிரல்வரிகள்தான் பூர்வீகம், அதனால் பங்காளிகள் மாதிரி ஒரே ஜாடை இருக்கும்.

இரண்டில் எது? அலுவலகக் கணினி, ஐடி ஆட்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றால் பவர்டாய்ஸ், மைக்ரோசாஃப்ட் பெயரைப் பார்த்ததும் கேள்வி குறையும். சொந்தக் கணினி என்றால் ஃப்ளோ. நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் பதிப்பும் அதற்கு உண்டு. இரண்டிலுமே அந்தப் பெட்டியில் 12500*0.18 என்று அடித்தால் 2250 என்று விடை வந்து நிற்கும், எண்டர் தட்டினால் காப்பியாகிவிடும். ஜிஎஸ்டி கணக்குக்கு கால்குலேட்டரைத் திறப்பதை நான் விட்டுவிட்டேன், உண்மையைச் சொன்னால் நிரல் திறப்பதைவிட இதற்குத்தான் அந்தப் பெட்டி எனக்கு அதிகம் பயன்படுகிறது.

ஆனால் லாஞ்சரைவிட முக்கியமாக நான் நிறுவச் சொல்வது எவ்ரிதிங் என்ற கோப்பு தேடும் நிரல். வாய்ட்டூல்ஸ் என்ற தளத்தில் கிடைக்கும், இலவசம், சின்னது. கோப்பின் பெயரில் ஒரு துண்டை அடித்தால் அடிக்க அடிக்கவே டிரைவ் முழுவதிலிருந்தும் பட்டியல் வந்து நிற்கும். விண்டோஸ் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து தேடும்போது பச்சைக் கோடு மெதுவாக நகருமே, அந்தக் கதையே இங்கே இல்லை. காரணம், விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகை டிரைவ்களில் எந்தக் கோப்பு எங்கே என்ற பதிவேடு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று தனியாக இருக்கிறது, எவ்ரிதிங் நேரே அதைப் படித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு சொல்லை இடைவெளி விட்டு அடித்தால் இரண்டும் பெயரில் எங்கே இருந்தாலும் பிடித்துக் கொடுக்கும், "வாடகை 2023" என்று தமிழில் அடித்தாலும் சரி. தேதித் தலைப்பைக் கிளிக் செய்தால் கடைசியாகத் தொட்ட கோப்பு மேலே வந்துவிடும். நிறுவும்போது சர்வீஸாக, அதாவது பின்னணியில் எப்போதும் ஓடும்படி வைக்கவா என்று கேட்கும், ஆம் என்று விடுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போதெல்லாம் அட்மின் அனுமதி கேட்டு நச்சரிக்கும். கோப்புக்குள்ளே எழுதியிருப்பதைத் தேடுவது இதன் வேலை இல்லை, பெயர் மட்டும்தான், அதனால் "புதிய டாக்குமெண்ட் (7)" என்று பெயர் வைக்கிறவரை இதுவும் காப்பாற்றாது. ஃப்ளோ வைத்திருந்தால் அதன் அமைப்புகளில் எக்ஸ்ப்ளோரர் என்ற ப்ளகினில் (துணை நிரலில்) எவ்ரிதிங்கைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், நிரலும் கோப்பும் ஒரே பெட்டியில் கிடைக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை உண்டு. தமிழ்99 விசைப்பலகையில் ஏதாவது அடித்துக்கொண்டிருக்கும்போது லாஞ்சரைத் திறந்து வேர்டு என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்தால் பெட்டியில் "ஈடைஉ" என்று விழும், லாஞ்சர் அப்படி ஒரு நிரலே இல்லை என்று கையை விரிக்கும். ஃப்ளோவின் அமைப்புகளில் எப்போதும் ஆங்கிலத்தில் தட்டச்சைத் தொடங்கு என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கிறது, அதை டிக் செய்து பாருங்கள். மற்றதற்கெல்லாம் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டி மொழியை மாற்றிவிட்டு அடிப்பதுதான் வழி, கை பழகிவிடும்.

சரி, இடக்காரர்கள் விஷயம். ஸ்டார்டாக் நிறுவனத்தின் ஃபென்சஸ் 2009லிருந்து இருக்கிறது. டெஸ்க்டாப்பில் கட்டம் கட்டி, தலைப்பு போட்டு, இது கணக்கு, இது பிள்ளைகள் ஸ்கூல், இது இன்றைய வேலை என்று ஐகான்களைப் பிரித்து வைக்கலாம். வெற்றிடத்தில் டபுள் கிளிக் செய்தால் எல்லா ஐகானும் மறையும், மறுபடி செய்தால் வரும், வாடிக்கையாளர் முன்னால் லேப்டாப்பைத் திறக்கிறவர்களுக்கு இது ஒன்றே போதும். எனக்குப் பிடித்தது அடுக்கை அப்படியே படம் பிடித்து வைத்துத் திரும்பக் கொண்டுவரும் வசதி. ப்ரொஜெக்டரையோ வேறு மானிட்டரையோ செருகி எடுத்தால் ஐகான்கள் இடம் மாறி ஒரு மூலையில் போய்க் குவியும் பாருங்கள், நம் கணக்கு அக்கா மாதிரி ஆட்களுக்கு அது வீட்டைக் காலி செய்து வேறு வீட்டில் விட்ட மாதிரி. ஃபென்சஸ் காசு கொடுத்து வாங்குவது, முன்னால் சில நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்க விடுவார்கள். அந்த நாட்களில் கட்டங்களைத் தினமும் தொட்டீர்கள் என்றால் வாங்குங்கள், வாங்கத் தகுந்த பொருள்தான். கட்டம் கட்டிய முதல் நாள் அழகு பார்த்துவிட்டு அப்புறம் எல்லாக் கோப்பையும் மறுபடி வெளியே கொட்டினீர்கள் என்றால் வேண்டாம்.

இலவச டெஸ்க்டாப் ஒழுங்குபடுத்தி என்று வருகிறவற்றில் விளம்பரமும் கூடவே வேறு நிரல்களும் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு, நிறுவும்போது டிக் பெட்டிகளைப் படித்துப் பாருங்கள். மேக் மாதிரி கீழே வரிசை கட்டும் ராக்கெட்டாக் வகையறா பார்க்க அழகு, ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 2008இல் வந்தது, டாஸ்க்பார் செய்யாத எதையும் அது செய்யப்போவதில்லை. ஐகான் அதிகமானால் கணினி மெதுவாகும் என்பதையும் நம்பி எதையும் வாங்காதீர்கள், ஷார்ட்கட் என்பது சில கேபி அளவுள்ள சின்னக் கோப்பு. கணினி மெதுவாகத் தொடங்கினால் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதியைத் திறந்து, தானாக ஓடத் தொடங்கும் நிரல்களைப் பாருங்கள். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி என்றால் லாஞ்சரையும் விட்டுவிடுங்கள், எவ்ரிதிங் மட்டும் போதும்.

எதை நிறுவினாலும் அதற்கு முன் டெஸ்க்டாப்பில் இருப்பவற்றில் எது ஷார்ட்கட், எது நிஜக் கோப்பு என்று பிரித்துவிடுங்கள். மூலையில் வளைந்த அம்புக்குறி இருந்தால் ஷார்ட்கட், கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம், நிரல் அப்படியே இருக்கும். அம்பு இல்லாதவை, ரீசைக்கிள் பின் மாதிரி விண்டோஸின் சொந்த ஐகான்கள் தவிர, நிஜக் கோப்பு, சாதாரணமாக சி டிரைவில் உட்கார்ந்திருப்பவை. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் பேக்கப் ஆன் ஆகியிருந்தால் டெஸ்க்டாப் முழுக்க அதற்குள் போகும், இலவசக் கணக்கில் 5 ஜிபிதான் இடம், டெஸ்க்டாப்பில் போட்ட இரண்டு கல்யாண வீடியோவே அதை நிரப்பிவிடும். வீடியோ, படம் எல்லாவற்றையும் டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், ஐகான் கூட்டம் அதிலேயே பாதி குறையும்.

மேக் என்றால் 2005லிருந்து ஸ்பாட்லைட் என்ற தேடல் பெட்டி உள்ளேயே இருக்கிறது, அது போதாதவர்கள் ரேகாஸ்ட்டோ ஆல்ஃபிரடோ போடலாம். லினக்ஸில் கேடிஈ டெஸ்க்டாப் வைத்திருந்தால் கேரன்னர் என்ற லாஞ்சர் கூடவே வருகிறது.

கடைசியாக ஒன்று, ஃப்ளோவும் பவர்டாய்ஸ் ரன்னும் வழக்கமாகப் பிடித்துக்கொள்வது ஆல்ட் + ஸ்பேஸ். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். கோபைலட், சாட்ஜிபிடி செயலிகளும் அதே கீயைக் கேட்கின்றன, அதனால் தட்டும்போது லாஞ்சருக்குப் பதில் அரட்டைப் பெட்டி வந்தால் பயப்பட வேண்டாம், இரண்டில் ஒன்றின் அமைப்புக்குப் போய் கீயை மாற்றுங்கள். நான் லாஞ்சருக்கு கண்ட்ரோல் + ஸ்பேஸ் வைத்திருக்கிறேன், எக்ஸெலில் ஒரு நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுக்க அதே கீதான், அங்கே மட்டும் மவுஸைத் தொட வேண்டியிருக்கிறது.