பழைய கார், முந்தையவர் இழுத்த ஒயர்: கேள்வி பதில்

போன வாரம் நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய பழைய காரில், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். கொத்தாக ஒயர்கள் மடியில் வந்து விழுந்தன. வெயிலில் பசை உருகி வழிந்த இன்சுலேஷன் டேப், எங்கும் போகாமல் தொங்கும் முனைகள், பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். அதைப் படம் எடுத்துப் போட்டதும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். ஆட்டோ எலக்ட்ரிக் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் கை கறுத்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, 2013 மாடல் கார் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. மூன்று நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் அடிப்பதில்லை. பேட்டரி புதுசு. மெக்கானிக், டைனமோ போய்விட்டது என்கிறார்.

தம்பி, முதலில் என்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் டைனமோ சார்ஜ் கொடுக்கிறது, அதைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். வண்டி தூங்கும்போது எதுவோ கரண்ட்டைக் குடிக்கிறது. அது எது என்று பிடிக்க வேண்டும்.

சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் கிளாம்பைக் கழற்றி, அந்தக் கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு இணையுங்கள். கதவெல்லாம் பூட்டியிருக்கட்டும். அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் சாவி போட்டு செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 300 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) காலி. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் மூன்றே நாளில் பாதிக்கு மேல் போய்விடும். உங்கள் கதை அப்படியே பொருந்துகிறது, இல்லையா?

அப்புறம் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் மீட்டர் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் திருடன். அதற்கும் முன்னால், பேட்டரி பிளஸ்ஸில் நேரடியாகக் கட்டியிருக்கும் வெளி ஒயர்களை எண்ணுங்கள். பியூஸ் பெட்டிக்குப் போகாமல் அங்கிருந்தே ஓடும் மெல்லிய ஒயர் எதுவாக இருந்தாலும் அது முதல் சந்தேகப் பேர்வழி. எல்லாப் பியூஸையும் பிடுங்கியும் இறங்கவில்லை என்றால் மட்டும் டைனமோவின் டயோடை, அதாவது கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்கும் சாமானை, சந்தேகப்படுங்கள். சார்ஜ் நன்றாகவே வரும், இரவில் கசியும், அப்படியும் நடக்கும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் கூடவே துடிக்கிறது. பல்பு மூன்று முறை மாற்றியாகிவிட்டது சார்.

பல்பை விடுங்கள், எர்த்தைப் பாருங்கள். பின் விளக்குக் கூட்டில் எல்லா பல்புக்கும் கரண்ட் திரும்பிப் போகும் வழி ஒன்றுதான், அதுதான் எர்த். அந்த வழி அடைபட்டால் கரண்ட் பக்கத்து பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். பேய் பிடித்த மாதிரி விளக்கெல்லாம் சேர்ந்து ஆடுவது அதனால்தான்.

சோதனை எளிது. விளக்கு எரியும்போது மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸ்ஸில் நீள ஒயர் போட்டு வையுங்கள், சிவப்பு முனையை விளக்குக் கூட்டின் எர்த் பின்னில் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் வந்தால் பரவாயில்லை. 0.5 தாண்டினால் எர்த் மோசம். போல்ட்டைக் கழற்றி, லக்கையும் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) பாடியையும் எமரி தாளால் வெள்ளித் தகடு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். வேலை அவ்வளவுதான்.

ஒரு விஷயம் சொல்லவா? அந்தப் போல்ட்டைக் கழற்றும்போது லக்குக்கு அடியில் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த மூலையில் டிங்கரிங் நடந்து, பெயின்ட் அடித்து, அப்புறம் போல்ட்டை மாட்டியிருக்கிறார்கள். வண்டி அடிபட்டதே இல்லை என்று சத்தியம் செய்தவர் முகம் நினைவுக்கு வரும்.

ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. 100/90 வாட் பல்பு போடலாமா?

போடாதீர்கள். உங்கள் கூட்டில் இருப்பது ஹெச்4 ரக பல்பு, 60/55 வாட், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 10 ஆம்பியர். 100 வாட் போட்டால் 16, 17-க்குப் போகும். ஒயரும் ஸ்விட்சும் அதற்குச் செய்ததல்ல. பல்பின் பின்னால் மாட்டும் கப்ளர் பழுப்பேறி உருகி ஒட்டிக்கொண்டிருப்பதை எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறேன்! வெளியூர்களில் எதிரே வருபவர் கண்ணையும் கொஞ்சம் நினையுங்கள்.

பெரும்பாலும் குறை பல்பில் இல்லை. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 இருக்கும், பல்பின் பின்னில் பார்த்தால் 11.5 கூட வராது. வழியிலேயே தின்றுவிடுகிறது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும், அவ்வளவு கணக்குப் பார்க்கும் சாமான் அது.

மஞ்சளடித்த கண்ணாடியை முதலில் பாலிஷ் போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் ரிலே, அதாவது சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். ரிலேயில் எண் போட்ட பின்கள் இருக்கும். 30-ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். 87 பல்புக்கு. பழைய ஹெட்லைட் லைன் 86-க்கு. 85 எர்த். இப்போது உங்கள் ஸ்விட்ச் தூக்குவது ரிலே காயிலின் சுண்டைக்காய் கரண்ட்டை மட்டும்தான். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. முடிந்தால் இடது வலது பல்புக்குத் தனித்தனி பியூஸ், நடுச்சாலையில் இரண்டும் ஒன்றாக அணையக் கூடாது பாருங்கள். சில வண்டிகளில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 போட்டுக் கொடுத்தார்கள். இப்போது போவதில்லை.

பச்சை நிறப் பியூஸ்தானே? இன்றைக்கே பிடுங்குங்கள். பியூஸ் காப்பாற்றுவது ஒயரை. 10-க்கான ஒயரில் 30 போட்டால் இனி பியூஸ் வேலையை ஒயரே செய்யும், கம்பளத்துக்கு அடியில்.

பியூஸ் இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இரண்டு ஒயரோடு மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரியும், எதுவும் கருகாது. இப்போது ஒயர்க் கொத்தை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அசைத்ததும் பல்பு மங்குகிறதோ அங்கேதான் தோல் உரிந்திருக்கிறது. டிக்கி கதவின் ரப்பர் குழாயிலும் முன்கதவு மடியும் இடத்திலும் ஆரம்பியுங்கள். திறந்து மூடியே ஒயர் ஒடியும் இடங்கள் அவை.

வீட்டு ஒயரிங் ஒயர் மிச்சம் இருக்கிறது, போடலாமா? ஜாயின்ட்டை சால்டர் வைப்பதா, முறுக்கி டேப் ஒட்டுவதா?

வீட்டு ஒயர் சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது. என்ஜின் பக்கச் சூட்டுக்கும் அதிர்வுக்கும் தாங்காது. முறுக்கி டேப் ஒட்டுவது பற்றி நான் பேசினால் கோபம் வரும். என் ஓட்டு, சரியான பிளையர் வைத்து அழுத்திய ஸ்லீவ் ஜாயின்ட்டுக்கும் அதன் மேல் போடும், உள்ளே பசையுள்ள, சூடு காட்டினால் சுருங்கும் டியூபுக்கும்தான். சால்டரும் நல்லதுதான், ஆனால் ஈயம் ஏறிய இடம் விறைத்து, அது முடியும் விளிம்பில் ஒடியும். வைத்தால் அசையாதபடி கட்டிவிடுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர் ஏர்பேக். அதில் டெஸ்ட் லாம்ப் குத்துவது, மீட்டர் வைப்பது எதுவும் வேண்டாம்.

எலி கடிக்கிறது ஐயா.

காருக்குள் மிக்சர் சாப்பிடுவதை நிறுத்துங்கள். வண்டியை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் விடாதீர்கள். மற்றபடி புகையிலை, நாப்தலீன் உருண்டை எல்லாம் எலிக்குப் பழகிவிடும்.

சென்னையில் வாங்கிய கார். ஏதாவது ஒரு கோளாறு வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். ஒயரிங்கை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றணுமா?

அம்மா, பொதுவாக நான் வேண்டாம் என்பேன். கம்பெனி ஒயரிங் கெடுவது அபூர்வம். வெளியாள் வைத்த ஹாரன், அலாரம், பனி விளக்கை எல்லாம் கழற்றி, வெட்டிய இடத்தைச் சேர்த்தாலே பாதிக்கு மேல் சரியாகும். உங்கள் விஷயத்தில் மட்டும் ஒரு சந்தேகம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், துணியில் சேற்றுக் கோடு தெரிகிறதா? கம்பளத்துக்கு அடியில் உள்ள கப்ளர் ஒன்றைக் கழற்றுங்கள், பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கிறதா? இரண்டும் இருந்தால், தண்ணீர் ஒயரின் உறைக்குள்ளேயே ஏறியிருக்கும். அது நிற்காது. மாற்றும் செலவுக்கு வண்டி பெறுமா என்று பாருங்கள், மறைத்து விற்றிருந்தால் விற்றவரிடம் பேசுங்கள்.

அண்ணா, முதல் கேள்வி கேட்டவன்தான். 0.34 ஆம்பியர் காட்டியது. ஸ்டீரியோ பியூஸைப் பிடுங்கியதும் 0.03.

பிடித்துவிட்டீர்கள். ஸ்டீரியோவின் பின்னால் மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் வரும். மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டியது, நேரமும் ஸ்டேஷனும் மறக்காமலிருக்க. சிவப்பு சாவி போட்டால் மட்டும். உங்களுடையதில் இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே இடத்தில் கொடுத்திருப்பார்கள், பத்துக்கு எட்டு வண்டியில் இதைத்தான் பார்க்கிறேன். பிரித்து, சாவி திருப்பினால் மட்டும் டெஸ்ட் லாம்ப் எரியும் ஒயரில் சிவப்பைச் சேருங்கள். பேட்டரியை ஒருநாள் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள், அந்த வேலையையும் டைனமோ தலையில் கட்டாதீர்கள்.