முள்ளை ஒதுக்கி வைக்கிறவர்களுக்கு: கால்சியம் கேள்வி பதில்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, கேரள எல்லையோரம் இருக்கும் களியக்காவிளையில் எங்கள் வாசகசாலைக்காரர்கள் கால்சியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் என்றுதான் ஏற்பாடு. மழை பிடித்துக்கொண்டதால் யாரும் எழுந்து போக முடியாமல் இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டது. அப்படியும் கேள்விச் சீட்டுகள் மிஞ்சின. அரசு மருந்தகத்தில் 31 வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் என்ற உரிமையில், மிஞ்சியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குழித்துறையிலிருந்து: ஒரு நாளைக்கு எவ்வளவு கால்சியம் வேண்டும், அக்கா? ஒரு தம்ளர் பால் போதாதா?

பெரியவர்களுக்கு 1,000 மில்லிகிராம். பாலூட்டும் தாய்மாருக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் 1,200. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது. அதற்கு முந்தைய பட்டியலில் பெரியவர்களுக்கு 600 தான் இருந்தது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

200 மில்லி பசும்பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கும். எருமைப்பாலில் இன்னும் கூடுதல். ஆனால் தம்ளரில் இருப்பது பாலா, சாயாவா? சாயாவில் நாம் ஊற்றுகிற பாலைத் தனியே அளந்து பாருங்கள், மூன்று நான்கு கரண்டி தேறினால் அதிகம். கட்டன் சாயா என்றால் அதுவும் இல்லை. சோறும் மரச்சீனிக் கிழங்கும் வயிற்றை நிரப்பும், இந்தக் கணக்கை நிரப்பாது.

கொல்லங்கோட்டிலிருந்து: எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாளே கிடையாது. பிறகு எனக்கு எப்படிக் கால்சியம் குறையும்?

சாப்பிட்டு முடித்த தட்டை ஒருமுறை பாருங்கள். ஓரத்தில் குவித்து வைத்திருக்கிறீர்களே முள், அதில்தான் இருக்கிறது நீங்கள் கேட்கிற கால்சியம். சதையில் புரதம் உண்டு, நல்ல கொழுப்பு உண்டு, கால்சியம் சொற்பம். நெய்மீன் துண்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதே கதைதான். பூனை நம்மைவிட விவரமானது.

அதனால் இந்த விஷயத்தில் சிறிய மீனே உசத்தி. நெத்தோலியைத் தலையும் குடலும் நீக்கி, நடுமுள்ளை உருவாமல், தேங்காயும் மாங்காயும் சேர்த்து அவியல் வைத்தால் முள்ளோடு மென்று விழுங்கலாம். சாளையின் (மத்தி மீனின்) முள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். குடம்புளி தாராளமாகப் போட்டு, குக்கரில் மிகக் குறைந்த தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். புளிப்பும் சூடும் சேர்ந்து முள்ளை இளக்கிவிடும். எடுத்து இரண்டு விரலுக்கிடையில் நசுக்கினால் நனைந்த சுண்ணாம்புக்கட்டி போலப் பொடிய வேண்டும். பொடியவில்லை என்றால் வெந்தது போதவில்லை, சாப்பிடாதீர்கள். டப்பாவில் அடைத்து விற்கும் சாளையும் இப்படி முள்ளோடு வெந்ததுதான். அதில் 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கிடைக்கிறது. சிறு குழந்தைகளுக்கு மட்டும் முள் சமாச்சாரமே வேண்டாம்.

கருவாட்டு நெத்தோலியிலும் கால்சியம் நிறைய உண்டு. கூடவே உப்பும் உண்டு. இரத்த அழுத்தக்காரர்கள் ஊறவைத்துக் கழுவி, எப்போதாவது ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பாறசாலையிலிருந்து: ஐந்தாம் மாதம். அம்மா வீடு மார்த்தாண்டம். கேரளம், தமிழ்நாடு இரண்டு பக்கமும் பதிந்திருப்பதால் இரண்டு இடத்திலும் கால்சியம் மாத்திரை தருகிறார்கள். இரண்டையும் சாப்பிடுகிறேன். பிள்ளைக்கு நல்லதுதானே?

எல்லையில் இருப்பதால் வருகிற சிக்கல் இது, எனக்குப் புதிதல்ல. மகளே, உறை வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல்படி நான்காவது மாதத்திலிருந்து தினமும் இரண்டு மாத்திரை, பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் கொஞ்சம் வைட்டமின் டி-யும் இருக்கும். நீங்கள் நான்கு சாப்பிட்டால் மாத்திரையிலேயே 2,000 ஆகிவிட்டது. உணவையும் சேர்த்து 2,500-ஐத் தாண்டக் கூடாது என்பது மேல்வரம்பு. அதன் விளிம்பில் நிற்க என்ன அவசியம்? ஒரு பக்கத்து மாத்திரையைப் பெட்டியில் வையுங்கள். அடுத்த முறை போகும்போது இரண்டு அட்டைகளையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இந்த மாத்திரையை எலும்புக்காக மட்டும் தருவதாக நினைக்க வேண்டாம். கால்சியம் குறைவாக உண்பவர்களுக்குக் கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி ஆபத்தாவதைத் தடுப்பதற்காகவே முக்கியமாகக் கொடுக்கிறார்கள். அதனால் நிறுத்தியும் விடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வாயில் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலை உணவுக்குப் பின் ஒரு கால்சியம், மதியம் சாப்பிட்டபின் இன்னொன்று, படுக்கப் போகும்போது இரும்பு. எளிது.

பனச்சமூட்டிலிருந்து: மாத்திரை அட்டையில் 1250 என்று போட்டிருக்கிறது. ஒன்று விழுங்கினால் நாள் கணக்கு முடிந்ததா?

முடியவில்லை. பொடி எழுத்தையும் படியுங்கள். 1,250 மில்லிகிராம் என்பது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் 40 சதவீதம்தான் கால்சியம், அதாவது 500. சிட்ரேட் வகையில் 21 சதவீதம்தான். சிப்பி ஓடு, பவளம் என்று எந்தப் பெயரில் விற்றாலும் அதுவும் கார்பனேட்தான். பெயருக்குத்தான் கூடுதல் விலை.

கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், ஆகவே உணவோடு அல்லது உணவு முடித்த உடனே. நெஞ்செரிச்சலுக்குப் பேன்டோபிரசோல் மாதிரி மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சிட்ரேட் ஒத்துப்போகும், மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். எதுவானாலும் ஒரே நேரத்தில் 500-க்கு மேல் வேண்டாம். குடல் ஒரு தடவைக்கு அதற்கு மேல் ஒழுங்காக உறிஞ்சுவதில்லை.

நித்திரவிளையிலிருந்து: தைராய்டு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

கூடாது. நான்கு மணி நேரம் தள்ளி.

இடைக்கோட்டிலிருந்து: எனக்குச் சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. பாலையும் மீனையும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

யார் சொல்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் என்றால் சாயா கொடுத்து அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். ஆக்சலேட் என்பது கீரை போன்ற உணவுகளில் இருக்கும் ஒரு பொருள். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே அதைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். பாலை நிறுத்தினால் ஆக்சலேட் தடையில்லாமல் இரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் வந்து நிற்கும். அமெரிக்காவில் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்து 1993-இல் வெளிவந்த ஆய்விலும், உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்கே கல் குறைவாக வந்திருந்தது. மாத்திரை வேறு விஷயம், அதை நீங்களாகத் தொடங்க வேண்டாம். தண்ணீரை நிறையக் குடியுங்கள். கல் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, வயிறு உப்பிவிடும். கீரை போதுமா?

எந்தக் கீரை என்பதைப் பொறுத்தது. பாலக்கீரையில் கால்சியம் இருக்கிறது, ஆக்சலேட் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால் நூற்றில் ஐந்து பங்குதான் உடம்பில் சேரும். முருங்கைக்கீரை அதைவிட நம்பிக்கையானது. நூறு கிராமில் 300-க்கு மேல் உண்டு, மரம் புழக்கடையில் நிற்கிறது, காசும் இல்லை. தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும், முயன்று பாருங்கள். கேரளத்தில் கூவரகு என்று சொல்லிக் குழந்தைக்குக் குறுக்கு என்ற கூழ் காய்ச்சுகிறார்களே, அந்தக் கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 அளவில் இருக்கிறது. குழந்தைக்கு மட்டும் என்று யார் விதித்தது? 50 கிராம் மாவில் ஒரு கூழோ புட்டோ செய்தால் 175. தோல் நீக்காத எள் ஒரு மேசைக்கரண்டி 100-ஐத் தாண்டும். தோல் நீக்கிய எள்ளில் அது பெரும்பாலும் தோலோடு போய்விடும்.

கருங்கலிலிருந்து: முந்திரி ஆலையில் வேலை. இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஆனால் ஒரு இலவச முகாமில் குதிகாலில் கருவி வைத்துப் பார்த்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று ஒரு பெட்டி மாத்திரையை விற்றுவிட்டார்கள். எதை நம்புவது?

உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் குறைந்தால் உடம்பு எலும்பைக் கரைத்து எடுத்து இரத்தத்தின் அளவைச் சரியாக்கிவிடும். ஆகவே இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. குதிகால் கருவியோ முதல்கட்டச் சல்லடை மட்டுமே. உறுதியாகச் சொல்வது இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தியை அளக்க எடுக்கும் டெக்ஸா ஸ்கேன். மாத்திரைப் பெட்டியோடு வருகிற முகாம் எனக்கும் பிடிக்காது.

நீங்கள் விடிந்ததும் ஆலைக்குள் போய்ப் பொழுது சாய வெளியே வருகிறவர். உங்களுக்குச் சந்தேகம் வைட்டமின் டி-யின் மேல்தான் வர வேண்டும். அது இல்லாமல் கால்சியம் குடலைச் சரியாகத் தாண்டாது. மதிய இடைவேளையில் கையும் முகமும் வெயில் பட நில்லுங்கள். காலை ஆறரை மணி வெயில் சுகமானது, ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. மருத்துவர் 60,000 யூனிட் பொட்டலம் எழுதிக் கொடுத்தால் அது வழக்கமாக வாரம் ஒன்று. தினம் ஒன்றாகக் குடித்து வாந்தியோடு வந்தவர்களை நான் மருந்தகத்தில் பார்த்திருக்கிறேன்.

களியக்காவிளையிலிருந்து, கையெழுத்து இல்லாமல்: அம்மச்சி வெற்றிலையோடு சுண்ணாம்பு தடவிப் போடுகிறார்கள். அதுவே கால்சியம் என்கிறார்கள்.

கால்சியம்தான், பொய்யில்லை. ஆனால் வாயைப் புண்ணாக்குகிற காரம். கூடப் போகிற பாக்கு, புகையிலை இல்லாவிட்டாலும், வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். அம்மச்சியிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நாக்கிலோ கன்னத்திலோ வெள்ளைத் திட்டு இருக்கிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா என்று மட்டும் நாளைக்கே பாருங்கள்.