ஐகென்டோர்ஃபின் காடும் ஷூமனின் பாட்டும்

கேள்வி: இயற்கையைப் பாடிய ஒரு கவிஞரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு கேட்டால், அவர் கவிதைக்கு இசையமைத்த பாட்டு வேறு மாதிரி கேட்குமா?

எனக்குக் கேட்டது. ஜெர்மன் கவிஞர் யோசஃப் ஃபான் ஐகென்டோர்ஃபை வைத்தே சொல்கிறேன்.

அவர் 1788-ல் மேல் சிலேசியாவில், ஓடர் ஆற்றங்கரை மேட்டில் இருந்த லுபோவிட்ஸ் மாளிகையில் பிறந்தார். பிரபுக் குடும்பம். ஆனால் அப்பா தலைக்கு மேல் கடன் வைத்திருந்தார். 1818-ல் அவர் இறந்ததும் நிலபுலன்கள் கடனுக்குப் போயின. 1822-ல் அம்மாவும் இறந்த பிறகு லுபோவிட்ஸும் கைவிட்டுப் போனது. மகன் பிரஷ்ய அரசில் அதிகாரியாக பிரெஸ்லாவ், டான்சிக், கோனிக்ஸ்பெர்க், பெர்லின் என்று மாறி மாறி வேலை பார்த்து 1844-ல் ஓய்வு பெற்றார். லுபோவிட்ஸ் இன்று போலந்தில் இருக்கிறது. 1945-ல் போரில் அழிந்த மாளிகையின் இடிந்த சுவர்கள்தான் மிச்சம்.

இதைப் படித்த பிறகுதான் அவர் கவிதைகளில் ஏன் அதே காடு, அதே நிலவு, அதே இலைச் சலசலப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று எனக்குப் புரிந்தது. சிறு வயதில் பார்த்த ஓர் இடத்தை அவர் கடைசி வரை விடவில்லை. லுபோவிட்ஸ் காட்டிடம் விடைபெற்று 1810-ல் எழுதிய கவிதைக்கு மெண்டல்சன் நாலு குரல் கோரஸாக இசையமைத்தார். ஜெர்மன் பாடகர் குழுக்கள் அதை இன்றும் பாடுகின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரை வெறும் இயற்கைக் கவிஞர் என்பது எனக்கு ஒப்பவில்லை. அவர் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை கொண்டவர். அவர் கவிதையில் வானம் என்றால் அது கடவுள் இருக்கும் இடமும்தான்.

சரி, பாட்டுக்கு வருவோம். 1840 மே மாதம் ராபர்ட் ஷூமன் ஐகென்டோர்ஃபின் 12 கவிதைகளுக்கு இசையமைத்தார். ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். ஜெர்மானியர் இந்த வகையை லீட் என்பார்கள். கிளாராவைக் கல்யாணம் செய்துகொள்ள அவளுடைய அப்பாவை எதிர்த்து ஷூமன் வழக்கு நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. இந்தத் தொகுப்பில் நீ நிறைய இருக்கிறாய் என்று அவளுக்கே எழுதினார். செப்டம்பரில் கல்யாணம் நடந்தது.

அந்த 12-ல் ஐந்தாவது 'மோண்ட்நாக்ட்', அதாவது நிலவிரவு. வானம் பூமியை மெல்ல முத்தமிட்டது போல இருந்தது என்று கவிதை ஆரம்பிக்கிறது. வயலில் காற்று, அசையும் கதிர்கள், காட்டின் சலசலப்பு, நட்சத்திரம் நிறைந்த இரவு. கடைசியில், என் ஆன்மா சிறகை விரித்து, வீட்டுக்குப் பறப்பது போலப் பறந்தது என்று முடிகிறது. ஷூமன் செய்ததைக் கவனியுங்கள். முதல் இரண்டு பத்திகளில் ஒரே மெட்டை நாலு தடவை பாட வைக்கிறார். நாலு தடவையும் அது பஞ்சமத்தில் போய் நிற்கிறது, ஷட்ஜத்தில், அதாவது பாட்டின் ஆதார ஸ்வரத்தில், வந்து உட்காரவே மாட்டேன் என்கிறது. ஆன்மா சிறகை விரிக்கும் இடத்தில்தான் மெட்டு மாறுகிறது. 'வீடு' என்ற சொல்லில் ஒருவழியாகக் குரல் ஷட்ஜத்துக்கு வருகிறது. ஆனால் அந்த நொடியிலேயே பியானோ வேறு பக்கம் சாய்கிறது. பாடுபவர் நிறுத்திய பிறகு பியானோ தனியாகத்தான் வீடு போய்ச் சேர்கிறது. வீட்டை இழந்தவர் எழுதிய வரி இது என்று தெரிந்து கேட்கும்போது, அந்தச் சாய்வு மனதை என்னவோ செய்கிறது.

1847-ல் வியன்னாவில் கவிஞரும் ஷூமன் தம்பதியும் சந்தித்தார்கள். என் பாட்டுகளுக்கு உங்கள் கணவர்தான் உயிர் கொடுத்தார் என்று அவர் கிளாராவிடம் சொன்னார். உங்கள் கவிதைதான் அவர் இசைக்கு உயிர் கொடுத்தது என்றாராம் கிளாரா. இருவர் சொன்னதும் சரிதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஐகென்டோர்ஃபுக்கு இசையமைத்த ஹூகோ வோல்ஃப் இருக்கிறார், அவரைப் பற்றி எழுதினால் பதில் நீண்டுவிடும். இன்னொரு இசையமைப்பாளரான ரிச்சர்ட் ஸ்ட்ராஸை மட்டும் விட மனமில்லை. 83 வயதில், 1948-ல், அவர் இசையமைக்க எடுத்துக்கொண்டது ஐகென்டோர்ஃபின் 'அந்திச் செம்மையில்' என்ற கவிதை. இன்ப துன்பத்தில் கைகோத்து நடந்த இருவர் மாலையில் களைத்து நிற்கிறார்கள். இரண்டு வானம்பாடிகள் மேலே போகின்றன, அவற்றின் குரலைப் புல்லாங்குழல்கள் பாடுகின்றன. இதுதான் மரணமோ என்ற கடைசிக் கேள்விக்குப் பின்னால், சுமார் 60 வருடம் முன்பு மரணத்தைப் பற்றித் தானே எழுதிய இசையிலிருந்து ஒரு துணுக்கைச் சேர்த்தார். ஸ்ட்ராஸும் அவர் மனைவி பாலினும் 1894-ல் மணந்தவர்கள். அவர் 1949-ல் இறந்தார், பாலின் 1950 மே மாதம் இறந்தார். அதற்குச் சில நாட்களில் லண்டனில் இந்தப் பாட்டு முதன்முதலாக அரங்கேறியது.

கேட்கத் தொடங்குகிறவர்கள் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ் பாடிய 'மோண்ட்நாக்ட்'டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜெர்மன் தெரியாவிட்டாலும் வரிகளையும் பொருளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராஸின் பாட்டை ஜெஸ்ஸி நார்மன் பாடிக் கேளுங்கள். இளம் பிராம்ஸும் அதே 'மோண்ட்நாக்ட்'டுக்கு இசையமைத்திருக்கிறார், அதை ஷூமனுக்குப் பிறகு கேளுங்கள்.