இருவருக்கான மேசை

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் நானும் என் கணவரும் வார இறுதியில் வெளியூர் சென்றிருந்தோம். அந்நகரின் கோட்டையையோ அருங்காட்சியகத்தையோ பார்ப்பது எங்கள் திட்டத்தில் இல்லை. முதல் இரவு ஒரு விருந்தினர் விடுதி, மறுநாள் இன்னொன்று, நடுவே ஏழு காபிக் கடைகள், நான்கு உணவகங்கள் என்று என் கணவர் பட்டியல் போட்டிருந்தார். திரும்பி வந்தபோது களைப்பும் ஒரு சண்டையும்தான் மிச்சம். “சாப்பிடவும் தூங்கவும் ஓர் ஊருக்குப் போக வேண்டுமா?” என்று என் அப்பா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதைப் பயணம் என்று சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பாவின் கேள்விக்கும் உங்கள் களைப்புக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாப்பிடவும் தூங்கவும் தாராளமாக ஓர் ஊருக்குப் போகலாம். கோட்டையில் நாம் சந்திப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களே. காலை ஏழு மணிக்கு ஒரு காபிக் கடையின் மூலையில் உட்கார்ந்தால்தான் அந்த ஊர்க்காரர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது தெரியவரும். லண்டனில் முதல் காபிக் கடை 1652இல் திறக்கப்பட்டது. ஒரு கோப்பைக்குக் காசு கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து அரசியல் பேசியவர்களைக் கண்டு அஞ்சிய மன்னர் இரண்டாம் சார்லஸ், 1675 டிசம்பரில் காபிக் கடைகளையெல்லாம் மூடச்சொல்லி ஆணையிட்டார். எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கப்பல்காரர்கள் கூடிய எட்வர்ட் லாயிடின் காபிக் கடையிலிருந்துதான் இன்றைய லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை வளர்ந்தது. இத்தனைக்கும் இடம் கொடுத்த ஓரிடத்தில் போய் உட்காருவதைப் பயணக் கணக்கில் சேர்க்காமல் வேறு எதைச் சேர்ப்பது?

உணவகத்துக்கு வருகிறேன். ‘ரெஸ்டாரண்ட்’ என்ற பிரெஞ்சுச் சொல், உடலுக்குத் தெம்பூட்டும் ஒருவகை இறைச்சிச் சாற்றைக் குறித்துவந்தது. 1760களில் பாரிஸில் அதை விற்ற கடைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பு பயணிகள் சத்திரத்துப் பொது மேசையில், குறித்த நேரத்தில், சமைத்து வைத்ததை உண்டு எழுந்தார்கள். தனி மேசை, விலையிட்ட உணவுப் பட்டியல், விரும்பிய நேரத்தில் விரும்பியதைக் கேட்கும் உரிமை ஆகியவை இந்தப் புதிய கடைகளோடு வந்தவை. வீட்டில் உண்ணும்போது இருவரில் ஒருவர் எதையாவது எடுத்துவர எழுந்துகொண்டேயிருக்கிறோம். முழு உணவு நேரமும் இருவரும் எழுந்திருக்காமல் எதிரெதிரே உட்கார்ந்திருக்க வழிசெய்தது அந்தத் தனி மேசைதான். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்; ஒப்புக்கொள்ளமாட்டார், ஆனாலும் சொல்லுங்கள்.

இனி, களைப்பு. அதற்குக் காரணம் பட்டியல்தான். அதிலும் குறிப்பாக இரண்டாவது விடுதி. விடுதிகளில் பொதுவாக முற்பகலிலேயே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், சுத்தம் செய்ய வேண்டியிருப்பதால் பிற்பகலில்தான் புதியவருக்கு அறை தருவார்கள். இடைப்பட்ட இரண்டு மூன்று மணி நேரம் பையைச் சுமந்துகொண்டு, உட்கார இடம் வேண்டும் என்பதற்காகவே இன்னொரு காபி குடிக்க நேரும். சண்டை எங்கே நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நான்காவது காபிக் கடைக்கும் ஐந்தாவதற்கும் நடுவே, பையும் கையுமாக, தெருவில் நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

விருந்தினர் விடுதியில் முதல் இரவு எந்த விசை எந்த விளக்குக்கு, எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்று கற்றுக்கொள்வதிலேயே போய்விடும். நானும் என் மனைவியும் ஒருமுறை நான்கே அறைகள் கொண்ட ஒரு விடுதியில் தங்கினோம். முதல்நாள் காலை நாங்கள் சன்னலோர மேசையில் உட்கார்ந்ததைக் கவனித்த உரிமையாளர் அம்மா, மறுநாள் கேட்காமலேயே அங்கே இரண்டு தட்டுகளை வைத்திருந்தார். பிறகு ரசீதின் பின்புறத்தில் மூன்று கோடுகள் இழுத்து, பெயர்ப்பலகை இல்லாத ஓர் உணவகத்துக்கு வழி காட்டினார். “மதியத்துக்கே போய்விடுங்கள், ஞாயிறு மாலை அடுப்பு மூட்டமாட்டார்கள்” என்றார். அன்று காலையே வேறு விடுதிக்கு மாறியிருந்தால் அந்த மூன்று கோடுகள் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஹென்றி ஃபோர்ட் 1926இல் தம் ஆலைகளில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று அறிவித்தபோது, ஓய்வு இருந்தால்தான் மக்கள் பொருட்களை வாங்குவார்கள் என்றும் வெளிப்படையாகவே சொன்னார். ஆலை முதலாளி கணக்குப் பார்த்துக் கொடுத்த விடுமுறையை நாம் ஆலையின் உற்பத்தி அட்டவணைபோலவே கழிக்கிறோம். உங்கள் கணவர் மட்டும் இதற்கு விதிவிலக்காக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடுத்த முறை ஒரே விடுதியில் இரண்டு இரவுகள் தங்குங்கள். ஓர் உணவகத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும், இன்னொன்றை நீங்கள் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது வேளையை விடுதிக்காரரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுங்கள். முதல்நாள் பிடித்துப்போன காபிக் கடைக்கே மறுநாளும் செல்லுங்கள். அங்கே பரிமாறுபவர் “நேற்றுக் குடித்ததேதானா?” என்று கேட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.