உமியை எரித்து 50 கிலோவாட்: எப்போது கட்டுப்படியாகும்?

கேள்வி: நெல் ஆலையில் உமி குவிந்து கிடக்கிறது. சிறிய பாய்லரும் டர்பைனும் வைத்து 50 கிலோவாட் மின்சாரம் எடுக்கலாமா? வைக்கோலையும் சேர்த்து எரிக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் டர்பைனிலிருந்து வெளியேறும் நீராவிக்கு உங்கள் ஆலையில் வேலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நெல் அவிக்கவோ உலர்த்தவோ அது பயன்பட்டால் தாராளமாக இறங்கலாம். மின்சாரம் மட்டும்தான் தேவை என்றால் பாய்லர் வேண்டாம். உமியை வாயுவாக்கி எஞ்சின் ஓட்டும் முறையில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 2 கிலோ உமி போதும். அதில் வாயுவோடு வரும் தார் என்ற பிசினை வடிகட்டும் தொல்லை உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாய்லர் கணக்கு இதுதான். ஒரு கிலோ உலர்ந்த உமியில் சுமார் 3,200 கிலோகலோரி வெப்பம் உண்டு. அதில் 70 சதவீதம் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தால் மூன்றரை கிலோ நீராவி கிடைக்கும். 10 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 10 மடங்கு) அழுத்தத்தில் ஓடும் சிறு டர்பைனோ யூனிட்டுக்கு 20 முதல் 25 கிலோ நீராவி கேட்கும். ஆக, யூனிட்டுக்கு 6, 7 கிலோ உமி. 50 கிலோவாட்டை 8 மணி நேரம் ஓட்ட நாளொன்றுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் வேண்டும். அதிலிருந்து அரை டன் சாம்பல் விழும். சாம்பல் கொட்ட இடம் பார்க்காமல் பாய்லர் வாங்காதீர்கள்.

வைக்கோலைச் சேர்க்காதீர்கள். அதிலுள்ள பொட்டாசியத்தால் சாம்பல் சீக்கிரம் உருகி, உமி எரியும் தட்டிலும் பாய்லர் குழாய்களிலும் பாறைபோல் ஒட்டும். குளோரின் குழாயை அரிக்கும். வயலில் மழையில் நனைந்து மறுபடி காய்ந்த வைக்கோலில் இவை இரண்டும் குறைவு.

உமிச்சாம்பல் அப்படி உருகாது. ஆனால் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் உப்புத்தாள்போல் தேய்க்கும். புகையிழுக்கும் விசிறிக்கு முன்னால், புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரிக்கும் சைக்ளோன் வையுங்கள். இழுப்பைக் கூட்டினால் உமி எரியாமலே பறந்துவிடும். சாம்பல் கறுப்பாக வந்தால் அதுதான் நடக்கிறது. சாம்பல் அள்ளுபவருக்கு முகக்கவசம் கட்டாயம்.

சிறு பாய்லர்கள் பெரும்பாலும் தண்ணீரால்தான் கெடுகின்றன. மென்னீராக்கியிலிருந்து வரும் நீரின் கடினத்தன்மை 5 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 5 பங்கு) கீழே இருக்கிறதா என்று ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை சோதியுங்கள். விட்டுவிட்டால் குழாயில் உப்புப் படிந்து, அந்த இடம் சூடேறி வீங்கும். நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் பம்பைப் போடவே கூடாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நீர் பட்டால் பாய்லர் வெடிக்கும். உமி வரத்தையும் விசிறியையும் நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள்.