டைக்குள் மாட்டிய கேஸும் உள்ளே நழுவும் குண்டும்: வாசகர் கேள்வி பதில்

சொந்தமாகத் தோட்டா நிரப்பிப் பழகத் தொடங்கியவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள். பவுடர் எவ்வளவு போடலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது, அதற்கு அச்சிட்ட கையேடு இருக்கிறது, அதைத் தவிர வேறு யார் பேச்சையும், என் பேச்சையும் சேர்த்துத்தான், கேட்காதீர்கள். உங்கள் நாட்டில் இந்த வேலைக்குத் தனி உரிமம் வேண்டுமா என்பதையும் பிரஸ் என்ற அழுத்தும் கருவியை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மற்றபடி கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அளவுக்குக் கொண்டுவருவதும் குண்டைப் பொருத்துவதும்தான் இன்றைய பேச்சு. இரண்டையும் செய்வது டை, பிரஸ்ஸில் திருகி மாட்டும் அச்சு.

கேள்வி: .308 வின்செஸ்டர் கேஸ்கள். முதல் பத்தும் வெண்ணெய் மாதிரி போய்வந்தன. பதினோராவது டைக்குள் மாட்டிக்கொண்டது. கைப்பிடியை வலுவாக இழுத்ததில் கேஸின் விளிம்பு பிய்ந்ததுதான் மிச்சம். டை போச்சா?

பதில்: டை போகவில்லை. பதினோராவது கேஸில் எண்ணெய் போதவில்லை, அவ்வளவுதான். டையை யாரோ தவறாகச் செய்துவிட்டார்கள் என்று எல்லோரும் முதலில் நினைப்பார்கள், நானும் நினைத்திருக்கிறேன். கைத்துப்பாக்கியின் நேரான கேஸ்களுக்கு கார்பைடு டை இருந்தால் எண்ணெய் இல்லாமல் ஓட்டலாம். பாட்டில் மாதிரி கழுத்து வைத்த ரைபிள் கேஸுக்கு அந்தச் சலுகை கிடையாது.

எடுப்பதற்கு முதல் வேலை, பிரைமரை (கேஸின் அடியில் இருக்கும், பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெளியே தள்ளும் தண்டை மேலே எவ்வளவு வருமோ அவ்வளவு தளர்த்துவது. பிறகு கேஸின் அடியில் பிரைமர் இருந்த குழியைத் துளைத்து, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுக்க வேண்டும். இதற்கென்றே சிறிய கிட் விற்கிறார்கள். மேலிருந்து சுத்தியலால் தட்டாதீர்கள், தண்டு வளையும், கேஸ் அசையாது. எடுத்த பிறகு டையின் உட்புறத்தைத் துடைத்து, பித்தளைத் துணுக்கு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இனிமேல் எண்ணெயைக் கேஸின் உடம்பில், குறிப்பாக அடிப்பக்கத்தில், மெல்லிய படலமாகத் தடவுங்கள், கழுத்தின் உள்ளே துளி போதும். கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் இந்த எண்ணெயைத் தாராளமாகவே தடவுகிறேன். தோள்பட்டையில் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் விழுகிறது.

பதில்: தாராளம்தான் காரணம். எண்ணெய்க்குப் போக இடமில்லை, பித்தளையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. டையின் பக்கவாட்டில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும், அது அடைத்திருந்தால் இன்னும் மோசம். சிறிய பள்ளம் சுடும்போது தானே நிமிர்ந்துவிடும், கூர்மையான மடிப்பு விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: டையோடு வந்த தாளில், கேஸின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரைத் தொட்ட பிறகு இன்னும் கால் சுற்று திருகச் சொல்லியிருக்கிறது. அப்படியே செய்தேன். நான்காவது முறை சுட்ட கேஸ்களில் அடிக்குச் சற்று மேலே பளபளப்பாக ஒரு வளையம் தெரிகிறது. ரைபிளில் கோளாறா?

பதில்: முதலில் அந்தக் கேஸ்களை ஓரமாக வையுங்கள், திரும்ப நிரப்ப வேண்டாம். ஒரு கம்பியின் நுனியை லேசாக வளைத்து உள்ளே விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். வளையம் இருக்கும் இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால், அந்தக் கேஸ் இரண்டாகப் பிரியத் தயாராக இருக்கிறது என்று பொருள். வளையம் வந்த ஒரு கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் தட்டினாலும் முழுக் கூட்டத்தையும் கழிப்பதுதான் என் வழக்கம்.

காரணம் பெரும்பாலும் டை வைத்த விதம்தான். தாளில் இருப்பது பொய்யில்லை, ஆனால் அது எந்த ரைபிளிலும் தோட்டா நுழைய வேண்டும் என்பதற்காகச் சொன்னது. உங்கள் ரைபிளின் அறை கொஞ்சம் நீளமாக இருந்தால், நீங்கள் ஒவ்வொரு முறையும் தோள்பட்டையைத் தேவைக்கு மேல் கீழே தள்ளுகிறீர்கள், சுடும்போது கேஸ் திரும்ப நீள்கிறது, நீளும் பித்தளை எங்கிருந்து வரும்? அந்த வளையம் இருக்கும் இடத்திலிருந்துதான். அங்கே சுவர் மெலிகிறது.

சரி, எவ்வளவு தள்ளலாம்? உங்கள் ரைபிளில் சுட்ட கேஸை, தோள்பட்டை அளக்கும் கேஜை காலிப்பரில் மாட்டி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். போல்ட் ரைபிளுக்கு அதிலிருந்து 0.025 முதல் 0.05 மி.மீ. வரை குறைந்தால் போதும், தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைபிளுக்கு 0.08 முதல் 0.10 வரை. இப்போது டையின் மரையைப் பாருங்கள்: அங்குலத்துக்கு 14 சுற்று, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 1.8 மி.மீ. இறங்கும். கால் சுற்றுக்கு 0.45. நமக்கு வேண்டிய 0.05 என்பது சுமார் 10 டிகிரிதான், கடிகார முள் இரண்டு நிமிடம் நகர்வதைவிடக் குறைவு! அதனால் டையை ஷெல் ஹோல்டரிலிருந்து ஒரு சுற்று மேலே எடுத்துவிட்டு, ஒரு கேஸை ஓட்டி, அளந்து, துளித் துளியாகக் கீழே இறக்குங்கள். முதலில் அளவு கொஞ்சம் கூடக்கூடச் செய்யும், உடம்பு இறுகும்போது தோள் மேலே ஏறுவதால் அப்படி, பயப்படாதீர்கள், தொடர்ந்து இறக்கினால் குறையும். பூட்டு வளையத்தை இறுக்கிய பிறகும் இன்னொரு முறை அளக்க வேண்டும், இறுக்கும்போதே டை நகர்ந்துவிடும்.

கேள்வி: 9 மி.மீ. லூகர். குண்டு கேஸுக்குள் ஆடுகிறது, விரலால் அமுக்கினாலே உள்ளே போகிறது. கேஸ் வாயைக் குண்டோடு நெருக்கும் கிரிம்பை இறுக்கினேன், இன்னும் லூசாகிவிட்டது. இது எப்படி?

பதில்: நம்ப முடியாத மாதிரி இருக்கும், ஆனால் அப்படித்தான் நடக்கும். குண்டைப் பிடிப்பது கிரிம்ப் இல்லை, கேஸ் சுவரின் இறுக்கம். அளவுக்கு மீறி கிரிம்ப் செய்தால் குண்டும் சேர்ந்து நசுங்குகிறது, டையை விட்டு வெளியே வந்ததும் பித்தளை கொஞ்சம் விரிகிறது, உள்ளே இருக்கும் ஈயம் விரிவதில்லை. மிச்சம் இடைவெளி.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துப்பாக்கி தோட்டாவை ஏற்றும்போது குண்டு உள்ளே நழுவினால் பவுடருக்கான இடம் சுருங்கி, அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும், அதிலும் 9 மி.மீ. மாதிரி சிறிய கேஸில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிய விஷயம். பவுடரும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து, குண்டின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அமுக்குங்கள், அமுக்கும் முன்னும் பின்னும் மொத்த நீளத்தை அளங்கள். மாறக் கூடாது. மாறினால் முதலில் கேஸை அளவுக்குக் கொண்டுவரும் சைஸிங் டை முழுதாக இறங்குகிறதா என்று பாருங்கள், அப்புறம் கேஸ் வாயை விரிக்கும் டையைப் பாருங்கள். குண்டு விழாமல் உட்காரும் அளவுக்கு விரித்தால் போதும், பலர் பூ மாதிரி விரித்துவிடுகிறார்கள். சில கேஸ்களின் சுவரே மெல்லியது என்பதும் உண்டு, வேறு தயாரிப்பின் கேஸில் முயன்று பாருங்கள்.

9 மி.மீ. தோட்டா அறைக்குள் நிற்பது கேஸ் வாயின் விளிம்பில்தான். ரிவால்வர் தோட்டாவுக்குச் செய்வதுபோல் வாயை உள்ளே சுருட்டினால் அது நிற்கும் இடமே போய்விடும். விரித்ததை நிமிர்த்தும் அளவுக்கு டேப்பர் கிரிம்ப், அதாவது சுருட்டாமல் மெல்லச் சரித்து நெருக்குவது, போதும். செய்து முடித்த மாதிரித் தோட்டாவை, கழற்றிய பேரலுக்குள் போட்டுப் பாருங்கள்: 'டொக்'கென்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே வர வேண்டும். மொத்த நீளத்தின் உச்ச வரம்பு 29.69 மி.மீ. ஆனால் எல்லாக் குண்டையும் அந்த நீளத்துக்கு வைக்கச் சொல்லவில்லை, உங்கள் குண்டுக்குக் கையேடு சொல்வதுதான் கணக்கு.

கேள்வி: .223 ரெமிங்டனில் குண்டைப் பொருத்தும்போது சில கேஸ்களின் தோள்பட்டை பிதுங்குகிறது. எல்லாவற்றிலும் இல்லை.

பதில்: "எல்லாவற்றிலும் இல்லை" என்று எழுதினீர்களே, அதில் பதில் இருக்கிறது. உங்கள் கேஸ்களின் நீளம் ஒன்றுபோல் இல்லை. பொருத்தும் டைக்குள்ளேயே கிரிம்ப் செய்யும் படி ஒன்று இருக்கிறது, நீளமான கேஸ் அதில் போய் முட்டுகிறது, குண்டு இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது, கழுத்துக்கு வழியில்லாமல் தோள்பட்டை பிதுங்குகிறது. இந்தக் கேஸின் உச்ச நீளம் 44.70 மி.மீ., 44.45-க்கு வெட்டி வையுங்கள். சைஸ் செய்த பிறகு வெட்ட வேண்டும், முன்பு இல்லை, சைஸ் செய்யும்போதுதான் கேஸ் நீள்கிறது. வெட்டிய வாயின் உட்புறத்தைச் சரித்துவிட்டால் குண்டிலிருந்து செம்பு சுருள் சுருளாக உரிவதும் நிற்கும்.

டையை வைக்க: வெட்டிய வெறும் கேஸை மேலே ஏற்றி, டையைத் திருகிக்கொண்டே வாருங்கள், வாய் முட்டுவது கையில் தெரியும், அங்கிருந்து ஒரு சுற்று வெளியே எடுத்துப் பூட்டுங்கள். குண்டின் ஆழத்தை மேலே இருக்கும் தண்டால் மட்டும் மாற்றுங்கள். கிரிம்ப் வேண்டுமென்றால் தனி வேலையாகக் கடைசியில்.

கேள்வி: டையைத் தொடவே இல்லை, ஆனால் மொத்த நீளம் தோட்டாவுக்குத் தோட்டா 0.2 மி.மீ. மாறுகிறது.

பதில்: தண்டு குண்டின் நுனியைத் தொடுவதில்லை, பக்கவாட்டு வளைவைத்தான் தொடுகிறது. மெல்லிய நுனி வைத்த குண்டுகளில் நுனியே ஒன்றுக்கொன்று மாறும். வளைவிலிருந்து அளக்கும் கம்பேரட்டரைக் காலிப்பரில் மாட்டி அளந்தால் பாதிக் கவலை போய்விடும். அதிலும் மாறினால், கழுத்து இறுக்கம் கேஸுக்குக் கேஸ் வேறாக இருக்கும். குண்டில் வட்டமாகத் தடம் விழுந்தால் தண்டின் வடிவம் உங்கள் குண்டுக்குப் பொருந்தவில்லை, வேறு தண்டு கேட்டு வாங்குங்கள். மெகசினில் நுழைகிறதா என்பதற்கு மட்டும் நுனியோடு சேர்த்த மொத்த நீளம் வேண்டும்.

கேள்வி: பிரைமர் தள்ளும் ஊசி ஒரே நாளில் இரண்டு உடைந்தது.

பதில்: கேஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளைக்குப் பதில் ஓரமாக இரண்டு துளை இருந்தால் அது பெர்டான் கேஸ், உங்கள் ஊசிக்கு அங்கே வழியே இல்லை. அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: குண்டை ஆழமாக வைத்து ஐம்பது தோட்டா செய்துவிட்டேன். சுட்டுத் தீர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். சுத்தியல் வடிவில் ஒரு புல்லர் கிடைக்கும், தோட்டாவை உள்ளே பூட்டித் தட்டினால் குண்டும் பவுடரும் கழன்று அதற்குள்ளேயே விழும். கண்ணாடி போட்டுக்கொண்டு, கட்டையின் மேல் தட்டுங்கள். ரிம்ஃபயர் தோட்டாவை (தனிப் பிரைமர் இல்லாமல் அடி விளிம்பிலேயே பற்றவைக்கும் மருந்து இருப்பது) மட்டும் அதில் எப்போதும் வைக்காதீர்கள். ஐம்பதும் கழற்ற ஒரு மாலை போய்விடும், கையும் வலிக்கும்.